பாக்கு வைத்து அழைத்த சொற்பொழிவு

'உறுப்பினர் எவரும் எழுதிக் கேட்டால் கூடத்தைச் சொற்பொழிவுக்குத் தர வேண்டும். மறுப்பதானால் காரணத்தை ஒரு வாரத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்' என்பது எங்கள் வாசகர் மன்றத்தின் ஒன்பதாம் விதி. தாலுகா கச்சேரியில் ஆயுளைக் கழித்த நானே அதை எழுதிக் கொடுத்தவன். அது மீறப்பட்ட விதத்தையும் நானே எழுதுவதுதான் முறை.

என் அண்ணன் பல்லடம் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டே படித்து, கோயமுத்தூரில் ஆசிரியரானார். யாருக்கும் கூழைக் கும்பிடு போட்டதில்லை. பதவி உயர்வும் வந்ததில்லை.

பஞ்சாலையில் இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மானிய யூதர் ஒருவர் அவருக்கு நண்பரானார். அவர் நாட்டில் யூதர்களை வேலையை விட்டுத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. தம் பாட்டனார் ஒரு 'மஸ்கில்' என்றார் நண்பர். வேதத்தோடு நில்லாமல் கணிதமும் அயல்மொழியும் கற்று, அதற்காகச் சொந்த ஊராரிடமே வசவு வாங்கிய அறிவாளியை யூதர்கள் அப்படி அழைப்பார்களாம். மஸ்கில்களைப் பற்றிப் பேச அண்ணன் கூடத்தைக் கேட்டு எழுதினார். பதில் இல்லை. செயலாளர் எங்கள் மாமன் மகன், நேரில் போனோம்.

"யூதன் கதை நமக்கெதுக்குங்க மச்சான்? கலெக்டர் காதுக்குப் போனா மானியம் நின்னுபோகுங்க."

"வேண்டாம்னா அதை எழுதிக் குடுத்துப்போடுங்க மாப்பிள்ளை."

"பாக்கலாங்க."

அண்ணன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் புறப்பட்டார். பாக்கை வாங்கிக்கொண்டு வராமலிருப்பது நம்மவரிடையே பகையை அறிவிப்பதாகும். செயலாளர் வீட்டில் அவர் மனைவி வாங்கிக்கொண்டார்.

"ஊட்டுல என்ன விசேசமுங்க அண்ணா?"

"சொற்பொழிவுங்க அம்மணி."

"ஐயோ, வாங்கிப்போட்டேனுங்களே!"

"அப்ப வந்துதானே ஆகோணும்?"

ஊரே வந்தது. செயலாளரை அவர் மனைவி இழுத்து வந்துவிட்டார். பூட்டிய கூடத்தின் வாசலில் நின்று அண்ணன் பேசினார்: "படிக்கக் கூடாதுன்னு சொன்ன ஊர்ல படிச்சவன் மஸ்கில். பூட்டுன கதவுக்கு முன்னால நின்னு கேக்கற நீங்களும் மஸ்கில்தானுங்க!"

ஆயினும் விண்ணப்பத்தை அவர் திரும்பப் பெறவில்லை. மாதந்தோறும் நினைவூட்டினார். காய்ச்சலில் படுத்த பிறகும், "பதில் வந்துதா?" என்பதே அவருடைய முதற்கேள்வி.

கண் விழித்துக் காத்த அண்ணியாருக்கும், மருந்தளித்த வைத்தியருக்கும், கடைசிவரை தலைமாட்டில் இருந்த யூத நண்பருக்கும் எங்கள் நன்றி. மன்றத்துக்கும் நன்றி: 'கூடம் தரப்படும்; பேசுபவர் நேரில் வந்து கையொப்பமிடவும்' என்று கடைசியில் பதில் அனுப்பினார்கள். அண்ணனின் இடத்தில் நான் கையொப்பமிட்டேன். இந்த நினைவு மலரை அந்தக் கூடத்தில்தான் உங்கள் கையில் தருகிறோம். அவர் பேசியதை இன்று உள்ளே நின்று பேசப்போகிறவன் நான். அந்தப் பதில் வந்த நாள் ஆடி மூன்றாம் தேதி, அண்ணனின் கருமாதியன்று.