வரவேற்புக் கமிட்டி வெங்கடேசன்

என்னைப் பற்றி நானே எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்த பிறகு என்ன கூச்சம்? பெயர் வெங்கடேசன். ஊர் வடக்குப்பட்டு. நெற்றியில் நாமம் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டேன். வேலை, ஒரகடத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தொழிலாளர் உதவி மையத்தில் மேனேஜர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர் முதலில் என் நெற்றியைப் பார்ப்பார், பிறகு எனக்குப் பின்னால் சுவரில் இருக்கும் மாதா படத்தைப் பார்ப்பார். நான் பெருமையாகச் சிரிப்பேன்.

இதற்கு முன் கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் லைனில் நின்றேன். முதுகு போயிற்று, காண்ட்ராக்டும் போயிற்று. மையத்தின் பொறுப்பாளர் சகாயம் சிஸ்டர்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஒரு வருடத்துக்குள் ஜெபமாலையை மனப்பாடமாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். சிஸ்டர்கள் வர நேரமானால் நானே ஆரம்பித்துவிடுவேன். எங்கள் பெருமாள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் சொந்தக்காரர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் மையம் தனியாக நிற்பதில்லை. தமிழ்நாட்டில் இப்படிப் பல மையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு கத்தோலிக்க அறப்பணிக் கூட்டமைப்பு தாங்குகிறது. சாமியார்கள், சிஸ்டர்கள், கொடுக்க மனமுள்ள குடும்பங்கள், ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் உட்கார மாட்டாத அதிகாரிகள் எல்லாரும் சேர்ந்த கூட்டம் அது. எந்த மையத்துக்கு என்ன உதவி என்று அவர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

நேரில் வந்து பார்ப்பது! அங்கேதான் நான் பிறவி எடுத்ததன் பயன் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் இந்த மாதிரி நிறுவனங்களில் ஒரு முறை உண்டு. சுண்ணாம்பு, பேனர், பூத்தட்டு, குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், சால்வை, நன்றியுரை. இந்த வித்தையில் நான் பரம்பரைக் கத்தோலிக்கர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டேன். சுற்றுவட்டாரப் பங்குக் கோவில்களிலிருந்தெல்லாம் போன் போட்டு, பிஷப் வருகிறார், விளக்குக்கு எந்தப் பக்கம் பூ வைப்பது என்று என்னிடம் கேட்பார்கள்.

"வூட்ல ஒரு பல்பு மாத்த ஆளு இல்ல. அங்க இன்னாடான்னா சீரியல் லைட்டு போட்டுகினு கீறியா?" என்பாள் என் மனைவி ஜெயம்.

இந்த வருடம் வந்த விஷயம் பல்பு சமாச்சாரம் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் இங்கே தங்கும் ஹாஸ்டல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல இடங்களில் ஒரு படுக்கைக்கு இரண்டு பேர். ஒருத்தி ஷிஃப்டுக்குப் போனதும் இன்னொருத்தி வந்து படுப்பாள். இவள் எழுந்தால்தான் அவளுக்குத் தூக்கம். உடம்புக்கு வந்துவிட்டால் கதை கந்தல். காய்ச்சலில் கிடக்கிறவளுக்காகப் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள் எங்கே போவாள்? ஆக, காய்ச்சல்காரிதான் எழுந்து வெளியே உட்கார வேண்டும். அப்படி உட்கார இடமில்லாதவர்களை சிஸ்டர் எங்கள் மைய ஹாலில் பாய் விரித்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். இதற்கென்று ஒரு தனி வீடு எடுத்து, கட்டில் போட்டு, ஒரு நர்ஸையும் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கூட்டமைப்பிடம் கேட்டிருந்தார். தலைவி அமலோற்பவம் அம்மா தானே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் ஹாலில் கிடந்தவள் முத்துச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், டைபாய்டு. தலைவி வருகிற அன்று காலையில் சிஸ்டர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஹாலைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வையுங்க, வெங்கடேசன்." சொல்லிவிட்டு மருந்து வாங்க ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டார்.

என்னிடம் ஒழுங்குபடுத்தச் சொல்லலாமா? வாடகை நாற்காலி இறக்கினேன். மேடைக்குப் பின்னால் பேனர் கட்டினேன். 'நோயுற்ற தொழிலாளர் ஓய்வு இல்லம்' என்று கொட்டை எழுத்து, தலைவியின் படம், சிஸ்டரின் படம், கீழ் மூலையில் கைகூப்பியபடி அடியேன் படம். விளக்கை நடுவில் வைத்துவிட்டு, தூரத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எல்லாம் லட்சணமாக இருந்தது. ஓரத்தில் பாயில் முனகிக்கொண்டிருந்த முத்துச்செல்விதான் பொருந்தவில்லை.

"தோ பாரும்மா, பெரியவங்க வர்றாங்க. ஒரு ஒன் அவர் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. உள்ள ரூம்ல ஃபேன் போட்டுத் தர்றேன்."

"சரிண்ணே. எனக்கு எங்கன கெடந்தா என்ன" என்றாள் அவள். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். உடம்பு அனலாகக் கொதித்தது.

உள் ரூம் என்றால் ஸ்டோர் ரூம். கிறிஸ்துமஸுக்குக் குடில் ஜோடிப்போமே, அந்தப் பொம்மைகள் அடுக்கி வைத்திருக்கும் இடம். மூன்று ராஜாக்கள், ஓர் ஒட்டகம், காது உடைந்த ஆடுகள். அவற்றை ஓரம் தள்ளிப் பாய் விரித்தேன். சத்திரத்தில் இடம் இல்லாமல் மாட்டுக்கொட்டகையில் பிறந்த குழந்தையின் கதையை வருடாவருடம் மைக்கில் உருகி உருகிச் சொல்கிற ஆசாமி நான்தான். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சத்தியமாக, பேனர் கோணலாக இருக்கிறதோ என்ற கவலையில்தான் திரும்பி ஓடினேன்.

அமலோற்பவம் அம்மா, வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். நூல் சேலை கட்டி, கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து இறங்கினார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த இரண்டு பெண்களைத் தூங்கவிடாமல் வாசலில் பூத்தட்டோடு நிறுத்தியிருந்தேன். அதில் ஒருத்தி நின்றபடியே கண் அசந்து, பூவைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டாள். நான் அவளை முறைத்தேன். விளக்கு ஏற்றினார்கள், சால்வை போர்த்தினேன். சிஸ்டர் பின்னாலேயே வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

தலைவி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப நீட்டா இருக்கு. உடம்பு சரியில்லாத பிள்ளைங்களை இங்கேதான் படுக்கவைக்கிறதா எழுதியிருந்தீங்க. அவங்க எங்கே?"

சிஸ்டர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். முந்திரிக்கொட்டை என்று என்னைச் சும்மாவா சொல்கிறார்கள்?

"யாருமே இல்லீங்கம்மா! மாதா புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியமா வேலைக்குப் போய்க்கினு கீறாங்க."

"சந்தோஷம்" என்றார் தலைவி. உண்மையிலேயே சந்தோஷப்பட்டார், பாவம். "அப்போ இந்த வீடு இப்போதைக்கு அவசரம் இல்லைன்னு எடுத்துக்கலாமா சிஸ்டர்? ராமநாதபுரம் பக்கத்துல ஒரு மையம் காத்துக்கிட்டிருக்காங்க. முதல்ல அவங்களுக்குக் கொடுத்துடலாம்."

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"முத்துச்செல்வி எங்கே, வெங்கடேசன்?"

"ஸ்டோர்ல, சிஸ்டர்."

"எந்த ஸ்டோர்?"

"குடில் சாமான்... ஃபேன் போட்டிருக்கேன் சிஸ்டர்."

தலைவி என் முகத்தைப் பார்த்தார், பேனரில் இருந்த என் முகத்தையும் பார்த்தார். "வாங்க, போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

கதவைத் திறந்தேன். ஒட்டகத்துக்கும் ராஜாவுக்கும் நடுவில் சுருண்டு படுத்திருந்தாள் முத்துச்செல்வி. வெளிச்சம் முகத்தில் பட்டதுமே விலுக்கென்று எழுந்துவிட்டாள். கண் முழுதாகத் திறக்கவில்லை. கை மட்டும் பாய்மேல் கிடந்த விரிப்பை அவசர அவசரமாகச் சுருட்டியது.

"எந்திச்சிட்டேங்க்கா... நேரமாயிட்டோ? இந்தா, ஒரு நிமிசம். நீங்க படுத்துக்கிடுங்க."

வாசலில் நின்ற பெரிய பதவிக்காரரை, ஷிஃப்ட் முடிந்து படுக்கைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டது அந்தப் பெண். தலையணையை உதறி வைத்துவிட்டு, தள்ளாடி, பக்கத்திலிருந்த ராஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அமலோற்பவம் அம்மா உள்ளே போய் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நான் படுக்க வரலைம்மா. இது உன் இடம். நீ படு."

முத்துச்செல்வி அவரை நம்பாமல் பார்த்தாள். "எத்தன மணி வரைக்குங்க்கா?"

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவி அவள் நெற்றியில் கை வைத்தார். "காய்ச்சல் விடுற வரைக்கும்மா." பிறகு தரையிலிருந்து எழாமலே சொன்னார்: "வீட்டை உடனே பாருங்க சிஸ்டர். ராமநாதபுரத்துக்கும் சேர்த்து நான் கேட்டு வாங்குறேன், அது என் பாடு."

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். என்னைத் திட்டக்கூட இல்லை. நான் அங்கேயே மரம் மாதிரி நின்றேன். நன்றியுரை சட்டைப்பையில் குத்திக்கொண்டிருந்தது. முத்துச்செல்வி இன்னும் படுக்கவில்லை. சுருட்டிய விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படும்மா" என்றேன்.

"அந்த அக்கா சொன்னது நெசமாண்ணே? அப்ப நீங்க என்னிய எத்தன மணிக்கி எழுப்புவிய?"

"எழுப்பமாட்டேன் கண்ணு. யாரும் எழுப்பமாட்டாங்க."

அவள் படுத்தாள். விரிப்பை மட்டும் விரிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சுருட்டியபடியே தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். நான் அந்த ஒட்டகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்காதபடி திரும்பிக்கொண்டு, விக்கி விக்கி அழுதேன்.