கறுப்பு வெல்வெட்டில் அய்யா முகம்

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாத ஒன்றை ஊருக்கு எழுதலாமா என்று பல வருடம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஆனாலும் எங்காவது சாயம் கரைக்கிற டர்பன்டைன் நெடி அடித்தால், தங்கச்சிமடத்தில் எங்கள் ஓலை வீட்டு வாசலில் நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பகல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

தீவுக்கு ரயில் மட்டுமே வந்த காலம். எனக்குப் பத்து வயது. அய்யா போன வள்ளம் கவிழ்ந்து, அவர் உடல் கரை ஒதுங்கவே இல்லை. அப்படிப் போனவர்களுக்கு எங்கள் ஊரில் 'தூம்பா' என்கிற சவப்பெட்டியை வெறுமையாகவே கோவில் நடுவில் வைத்து, கறுப்புத் துணியால் மூடி, ஆத்துமப் பூசை வைப்பார்கள். அதற்கென்று சித்தப்பா புது வெல்வெட்டு வாங்கிவந்தார். அம்மா அதைப் பிடுங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"மதினி, ஒரு மாசமாச்சு. அண்ணன் மோட்சத்துக்குப் போகாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து தவிக்கும். பூசைக்கு விடமாட்டேங்கிறீகளே, நீங்க பொஞ்சாதிதானா?"

"வெறும் பெட்டியப் பாத்து அழச் சொல்றீகளா? மொகத்தக் காட்டுங்க, அப்பறம் மூடுங்க."

அய்யாவுக்குப் போட்டோ கிடையாது. கொழும்பில் கறுப்பு வெல்வெட்டில் மாதா படம் எழுதிப் பிழைத்துவிட்டுத் திரும்பிய ஒரு படக்காரர் ஊரில் இருந்தார். சித்தப்பா அவரை அழைத்துவர, அம்மா அந்தத் துணியையே எடுத்துக் கொடுத்தாள். அய்யா சாடை என்று என்னை எதிரே உட்காரவைத்தார்கள்.

"ஏத்தா, ஆடாத. ஒனக்கு மீசை வைக்கப் போறேன்" என்று சிரித்தார் படக்காரர்.

வெளிச்சம் படுகிற கன்னத்தையும் மூக்கையும் மட்டும் அவர் எழுத, மீதி முகத்தைத் துணியின் இருட்டே பார்த்துக்கொண்டது. "காது எப்படி? புருவம் கூடியிருக்குமா?" என்று அவர் கேட்கக் கேட்க, பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்ந்த அம்மாவுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

முடிந்ததும் வந்து பார்த்தாள். "இது எம் மக. அவுக இல்ல."

படக்காரர் பதறித் திரும்பியதில், தூரிகையிலிருந்த வெள்ளைச் சாயம் படத்தின் இடது புருவத்துக்கு மேல் சிந்திவிட்டது. வெல்வெட்டில் விழுந்த சாயத்தைத் துடைத்தால் முகம் முழுக்க ஈஷிவிடும். சித்தப்பா அடிக்கிற வேகத்தில் எழுந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "அங்கன அய்யாவுக்குத் தழும்பு இருந்துச்சுல்ல" என்றேன். சுத்தப் பொய்.

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா... பாறையில அடிபட்டது. நாந்தான மஞ்சப் பத்துப் போட்டேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அய்யா போன பிறகு அன்றைக்குத்தான் அம்மா வாய்விட்டு அழுதாள். மறுநாள் அந்தப் படத்தையே வெறும் பெட்டிமேல் விரித்துப் பூசை நடந்தது.

இப்போது அம்மாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. கோவிலில் வெறும் பெட்டி வைக்கிற வழக்கமும் போய்விட்டது. உப்புக் காற்றில் படத்தின் சாயம் உதிர்ந்து, கண், மீசை எல்லாம் போய், அந்த வெள்ளைக் கீற்று ஒன்றுதான் மிச்சம். கல்லறைத் திருநாளில் என் பேரப்பிள்ளைகள் அதற்கு முன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றி, "தழும்புத் தாத்தா" என்று செபிக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் அய்யா நெற்றியில் தழும்பு இருந்ததில்லை.