ஆம்பளையாளு யாரும் இல்லையா?

“ஆம்பளையாளு யாரும் இல்லையா?” எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த எலக்ட்ரிக்கல் கடையில் இந்தக் கேள்வி தினமும் நாலைந்து முறையாவது விழும். கேட்பவருக்கு நேர் எதிரே, கவுண்டரில் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பார். அவரைத் தாண்டி, அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கும் என்னை நோக்கி அந்தக் கேள்வி வரும்.

அவரை நாங்கள் அக்கா என்போம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதுக் காயில் கட்டுகிறவர். பள்ளிக்கூட நாளிலிருந்தே அக்காவும் கூட உட்கார்ந்து கட்டியிருக்கிறார். எரிந்த காயிலை ஒருமுறை புரட்டிப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். நானோ மில் வேலை போனபின் சிபாரிசில் அங்கே சேர்ந்தவன். ஃபியூஸ் போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. மீசை இருந்தது. அந்தக் கவுண்டரில் அது போதுமானதாக இருந்தது.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம் வத்திராயிருப்பிலிருந்து ஒரு விவசாயி வயர் வாங்க வந்தார். “மீட்டர் பெட்டியில இருந்து கிணத்துக்கு எம்புட்டு தூரம்ணே?” என்று அக்கா கேட்டார். “முந்நூறு அடி இருக்கும்” என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். “அப்ப இந்த வயர் ஆகாது. இன்னும் தடிமனாப் போடணும். இல்லன்னா மோட்டாரு சூடாகி எரிஞ்சிரும்.” அவர் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. “ஏப்பா, நீ சொல்லு. இது தாங்குமா, தாங்காதா?” தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. என் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக ஒரு பெரிய மனிதர் காத்து நின்றது அதுவே முதல் தடவை. “தாராளமாத் தாங்கும்ணே” என்றேன்.

பத்தே நாளில் மோட்டார் எரிந்தது. நெல் பால் பிடிக்கிற, தண்ணீர் தவறக்கூடாத சமயம். ஓடி வந்தவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பொம்பளையக் கடையில நிப்பாட்டுனா இப்படித்தான் ஆகும்” என்று முதலாளியிடம் கத்தினார். அக்கா என்னைப் பார்த்தார். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த சுவிட்ச் பெட்டிகளை நான் மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அக்காவை அலமாரிக்குப் பின்னால், பில் போடும் மேஜைக்கு மாற்றிவிட்டார் முதலாளி. அதன்பிறகு ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. வாடிக்கையாளர் கேட்பதை நான் உரக்கத் திருப்பிச் சொல்வேன். அக்கா உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில் பதில் சொல்வார். அதை நான் வெளியே சொல்வேன். வந்தவர்கள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்கள். “மீசைக்காரத் தம்பிகிட்ட கேட்டு வாங்கு” என்ற பேச்சு கூமாப்பட்டி வரை போனது. ஐந்து வருஷத்தில் முதலாளி என்னை மேனேஜர் ஆக்கினார்.

மேனேஜர் ஆன அன்று மாலை அக்கா சாப்பாட்டுத் தூக்குடன் என் முன்னால் வந்து நின்றார். “நாளையில இருந்து வரலை தம்பி.” ஏன் என்று கேட்டேன். “அன்னைக்கு மோட்டாரு எரிஞ்சப்ப நீங்க புதுசு, பயந்துட்டீங்க. அதைக்கூட விட்டுட்டேன். ஆனா இந்த அஞ்சு வருசத்துல ஒரு நாளாச்சும், ‘இது உள்ள இருக்கிற அக்கா சொல்லுது’ன்னு வெளிய சொல்லியிருக்கலாம்ல?” சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பாவின் பட்டறையை அவரே நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். போர்டில் அவருடைய தம்பி பெயர்தானாம். அப்போதுதான் ஆள் உள்ளே வருகிறதாம்.

இன்றைக்கு நினைத்தாலும் வந்தவர்கள் மேல் இருக்கும் எரிச்சலைவிட என் மேல்தான் அதிகம். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்கா போன மறு வருஷம், கூமாப்பட்டிக்காரர் ஒருவர் நண்பரோடு கடைக்கு வந்தார். “இந்தத் தம்பி சொன்ன மாதிரி போட்டேன். நாலு வருசமா மோட்டாரு ஒரு மக்கர் பண்ணலை” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு வாய் வந்தது. “நான் சொன்னது இல்லைண்ணே. உள்ள ஒரு அக்கா இருந்தாங்க. அம்புட்டும் அவங்க சொன்னதுதான்.”

“யாரு, பில்லு போட்ட பிள்ளையா?” என்று கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் தோளைத் தட்டிக்கொண்டே நண்பரிடம் சொன்னார்: “பாத்தியா, தம்பிக்கு எம்புட்டு அடக்கம்!”