தச்சரின் இடது கை

எழுபதுகளில் நான் போய்வந்த காரைக்குடி உடற்பயிற்சிக் கூடத்துக்கு மெட்ராஸிலிருந்து, இரண்டு கையாலும் கம்பியை இழுத்து எடை தூக்கும் ஒரு கப்பி மிஷின் வந்தது. எல்லோரும் அதற்கு வரிசையில் நின்றோம். சாரத்திலிருந்து விழுந்து இடது கை மெலிந்துபோன தச்சர் ஒருவர் மட்டும் மூலையில் சின்ன டம்பெல்லோடு போராடுவார். அது இடுப்புக்கு மேல் ஏறாது.

“மிஷின் சுலபமா இருக்கே, இங்குட்டு வாங்களேன்” என்றேன்.

“நீங்க தாராளமா இழுக்கலாம் சார், ரெண்டு கையும் நல்லா வச்சிருக்கீக. நான் இழுத்தா வலது கையே எல்லாத்தையும் இழுத்துப்புடும். இந்தக் கை தனியா உளி பிடிக்குமான்னுல்ல எனக்குத் தெரியணும்.”

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் டம்பெல் அவர் தோள்வரை ஏறியது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். நான் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் முதல் அவர் வரவில்லை; வேலைக்குத் திரும்பிவிட்டாராம். அன்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் முகத்தைத் திருப்பினேன் என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.