ஆற்றங்கரையில் பாம்பு கடித்த பெண்

ரொறன்ரோவில் ஓர் ஓவியக்கூடத்தில் காவலாளியாகச் சேர்ந்த புதிதில், மூன்று மாதம் ஒரே அறையில் நின்றேன். எதிரே சுவரை நிறைத்த பழைய ஐரோப்பிய ஓவியம். மரங்கள், ஆறு, மாலை வெளிச்சம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் என் இடத்தில் நிற்க வந்த சக காவலாளி, மன்னார்ப் பெண், ஓவியத்தருகே போய்க் குனிந்தாள்.

“அண்ணை, உந்தப் பொம்பிளையைப் பாம்பு கடிச்சுப்போட்டுதே?”

“எந்தப் பொம்பிளை?”

“உதில, ஆத்தங்கரையில. பூக்கூடை விழுந்து கிடக்குது, பாருங்கோ.”

என் விரல் நீளம்கூட இல்லாத பெண், காலடியில் பாம்பு. சற்றுத் தள்ளி யாழ் வாசிக்கும் ஒருவனைச் சுற்றி ஆட்கள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நானும்தான் பார்க்கவில்லை.

ஓவியங்களைப் பராமரிக்கும் அம்மையாரிடம் கேட்டோம். அது கிரேக்கப் புராணம் என்றார். அவள் புது மணப்பெண், வாசிப்பவன் கணவன். அந்தக் காலத்தில் வெறும் மரத்தையும் ஆற்றையும் வரைந்தால் மதிப்புக் குறைவாம். புராண ஆட்களும் இருந்தால்தான் பெரிய ஓவியமாம்.

“அப்ப இந்தப் படம் கீறினவருக்கு மரம் கீறத்தான் ஆசை,” என்றாள் மன்னார்ப் பெண்.

பிறகு சாப்பாட்டு நேரங்களில் அந்த அறையின் மற்ற நிலக்காட்சிகளிலும் ஆள் தேடினோம். ஒன்றில் மட்டும் யாருமே இல்லை. ஒரு வாரம் கழித்து, அதில் நான் கிளை என்று நினைத்திருந்ததை அவள் காட்டினாள்.

“கிளை இல்லை அண்ணை, கை. விரலில இலை முளைக்குது.”

அது யாருடைய கதை என்று கேட்க, இருவரும் அம்மையாரின் கதவைத் தட்டினோம்.