நாலு பிளேட்டு மாப்பிள்ளை

என் சித்தியைப் பெண் பார்க்க வேண்டிய மாப்பிள்ளை, வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். ராஜபாளையத்தில் புதிதாகத் திறந்திருந்த ஏசி ஓட்டலுக்குப் பெண்ணை அழைத்து வர வேண்டுமாம். அங்கே இருவரும் செத்த நேரம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டுமாம். எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்கு இப்படிச் சேதி வந்தால் இரண்டு நாளைக்கு அங்கே வேறு பேச்சு இருக்காது. எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு இல்லை.

"ஓட்டல்ல வச்சா? அங்க என்ன, பொண்ணையும் பிளேட்டுல வச்சுக் கொண்டாருவானா?" என்றார் அப்பா. அவர் கோர்ட்டில் குமாஸ்தா. எதற்கும் ஒரு நடைமுறை வேண்டும் அவருக்கு.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு எங்களோடுதான் இருந்தாள். டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க காதில் கருவியை மாட்டிக்கொண்டு யார் யார் குரலையோ யார் யாருக்கோ சேர்த்து வைப்பாள். ரெண்டு வார்த்தை கேட்டால் போதும், ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன் என்பாள். அதுதான் சிக்கல். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவள் காதால்தான் பார்த்தாள். ஒருவரை, "எதுத்த ஆளு மூச்சு விடக்கூட எடம் குடுக்க மாட்டேங்காரு" என்று கழித்தாள். இன்னொருவர் குரலில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்றாள். வயது ஏறிக்கொண்டே போனது. அம்மா ஆண்டாளிடம் வேண்டுதலுக்கு மேல் வேண்டுதல் வைத்தாள்.

இந்த மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் சேத்தூர். வேலை பினாங்கில். வெள்ளைக்காரர்கள் வந்து சாப்பிடும் பெரிய ஓட்டல் ஒன்றில் மேனேஜருக்கு அடுத்த ஆள் என்று தரகர் சொல்லியிருந்தார். அதனால் அவருக்கு அந்தப் பழக்கம் இருக்கும், நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று அம்மா அப்பாவைச் சமாதானம் செய்தாள். அப்பா இறங்கி வந்தார். அதன் பிறகு அவரே முழுமூச்சாகப் பயிற்சியில் இறங்கிவிட்டார்.

எங்கள் வீட்டில் முள்கரண்டி கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். என் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்த டிவைடரைக் கழுவிக் கொடுத்தேன். இடது கையில் டிவைடரும் வலது கையில் காய் நறுக்கும் கத்தியுமாகச் சித்தி இலை முன்னால் உட்கார்ந்தாள். இட்லி பணிந்தது. தோசை பணியவில்லை, ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கம் எழுந்து நின்றது. அப்பா கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் விசாரித்து வந்து சட்டம் சொன்னார்.

"வாய மூடித்தான் மெல்லணும். சத்தமே வரக்கூடாது."

"பேசணும்னு கூப்புட்டுட்டு வாய மூடச் சொன்னா எப்படி அத்தான்?" என்றாள் சித்தி.

அவர்கள் இருவரையும் தனியாக விடுவது என்பது தனியாக விடுவது இல்லை என்று அம்மா எனக்கு விளக்கினாள். நான் கூடவே இருக்க வேண்டும். எழுந்து எங்கும் போகக் கூடாது. சித்தப்பா என்று இப்போதே கூப்பிட்டுவிடக் கூடாது, மாமா என்று சொன்னால் போதும். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஏசி ஓட்டலில் ஐஸ்கிரீம் உண்டா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அந்த ஓட்டல் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. பஞ்சாலைகளுக்கு மிஷின் பொருத்த வரும் வெளிநாட்டு இன்ஜினியர்களுக்காகக் கட்டினார்கள் என்று பேச்சு. கீழே சாதாரணக் காப்பி கிளப். அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளையின் அக்காவும் அங்கே உளுந்த வடை முன்னால் உட்கார்ந்துகொள்ள, சித்தியும் நானும் மாடி ஏறினோம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் மார்கழிக் காற்று போல ஒன்று முகத்தில் அடித்தது. வெளியே உச்சி வெயில், உள்ளே இருட்டு. மேசைக்கு ஒன்றாகச் சிவப்பு விளக்குகள் தொங்கின. ஒவ்வொரு கண்ணாடி டம்ளருக்குள்ளும் ஒரு வெள்ளைப் பூ. எடுத்து மோந்து பார்த்தேன். துணி.

மாப்பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான ஆள். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. சித்தியைப் பார்ப்பதற்கு முன்னால் மேசையைத்தான் பார்த்தார். கோணலாக இருந்த ஒரு கரண்டியை ஒற்றை விரலால் நேராக்கினார். டம்ளரை ஒரு அங்குலம் நகர்த்தினார். சித்திக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு எனக்கும் இழுத்துப் போட்டார். என் வாழ்நாளில் எனக்காக ஒருவர் நாற்காலி இழுத்தது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷமே நான் அவர் கட்சி.

பரிமாற ஒரே ஆள்தான். கறுப்புக் கோட்டு அவரை எல்லாப் பக்கமும் பிடித்தது. பஸ் ஸ்டாண்டு புரோட்டாக் கடையில் சால்னா ஊற்றுகிறவராக அவரை எனக்குத் தெரியும். அவருக்கும் என்னைத் தெரிந்தது. ஆனால் அந்தக் கோட்டுக்குள் இருந்துகொண்டு சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

சித்தியும் மாப்பிள்ளையும் பேசவில்லை. தக்காளி சூப் வந்தது, குடித்தோம், போனது. யாராவது பேச வேண்டுமே என்று நான் பேசினேன்.

"மாமா, உங்க ஓட்டலும் இப்படித்தான் இருக்குமா?"

அவர் முகம் தெளிந்தது. அந்த ஓட்டலைப் பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் எனக்குப் பாடம். சமையல்காரர்கள் வயதான சீனர்கள். அந்தக் காலத்தில் துரைமார் பங்களாக்களில் சமைத்துப் பழகியவர்கள். கோழித் தொடையை எலும்பெடுத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு ஊற்றி, பச்சைப் பட்டாணியும் உருளைக்கிழங்கும் வைத்துத் தருவார்கள். இரும்புத் தட்டில் ஒரு கறி வரும், மேசைக்கு வரும்போது அது இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். "மேகமல மேல மேகம் ஏறுன மாதிரி பொக வரும் பாப்பா. அந்தச் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பிப் பாப்பாவ."

"நீங்க தெனமும் அதான் சாப்புடுவியளா?"

"தெனமும் பாப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சித்தி அப்போதுதான் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய குடும்பம் உள்ளே வந்தது. மில் முதலாளி வீட்டு ஆட்களாக இருக்க வேண்டும். கோட்டுக்காரர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவர்களுக்கும் எங்களுக்குமாகச் சேர்த்து ஒரு பெரிய தட்டில் பிளேட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக் கதவை முதுகால் தள்ளி வெளியே வந்தார். வரும்போதே தட்டு சாய ஆரம்பித்தது. "ஐயோ" என்று அவர் சொன்னது கேட்டது. எங்கள் எதிரே இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

மாப்பிள்ளை அங்கே போய்விட்டிருந்தார். எப்போது எழுந்தார் என்றே தெரியவில்லை. சரிகிற தட்டிலிருந்து ஒரு பிளேட்டை விரல்களால் வாங்கி, இன்னொன்றை அதன் அடியில் செருகி, மூன்றாவதை மணிக்கட்டில் ஏற்றி, நான்காவதை முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். எல்லாம் இடது கையிலேயே. ஒரு பட்டாணிகூடக் கீழே விழவில்லை. அப்படியே அந்தக் குடும்பத்தின் மேசைக்குப் போனார். லேசாகக் குனிந்து, "எக்ஸ்க்யூஸ் மீ சார்" என்று மெதுவாகச் சொல்லி, ஒவ்வொருவர் முன்னாலும் சத்தமில்லாமல் ஒன்று வைத்தார். வைத்து முடித்து ஒரு அடி பின்னால் வந்து நின்றார். எங்கள் டம்ளரில் பூவாக இருந்த வெள்ளைத் துணி எப்படியோ அவர் முழங்கையில் மடிந்து தொங்கியது.

நான் கை தட்டினேன். சர்க்கஸில்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கைதட்டல் கேட்டுத்தான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் திரும்பினார். முகம் வெளிறிப் போயிருந்தது. முழங்கையிலிருந்த துணியை எடுத்தார், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சித்தி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிரங்க் காலுக்கு லைன் கிடைக்கிறதா என்று காதைத் தீட்டிக் காத்திருக்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"உக்காருங்க, நம்மளுதும் வரட்டும்" என்றாள்.

வந்தது. கத்தியையும் முள்கரண்டியையும் அவள் எடுக்கவில்லை. "இத எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தாங்க. வீட்டுல டிவைடர் வச்சுப் பழகுனேன், சரியா வரல" என்றாள். ஒரு வாரப் பயிற்சியை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரித்தார். அவள் விரலைத் தொடாமல், தன் விரலை வைத்துக் காட்டிக் கொடுத்தார். மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

நடுவில் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் இங்க வரச் சொன்னேன்" என்றார். சரியாக அப்போது கோட்டுக்காரர் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மஞ்சளாக ஒன்று தட்டின் நடுவில் நின்று ஆடியது. "மாமா, இது ஏன் ஆடுது? உசுரோட இருக்கா?" என்று நான் கத்தினேன். அது முட்டையும் பாலும் சேர்த்துச் செய்வது என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. விளக்கி முடித்து அவர் மறுபடி வாயைத் திறந்தபோது சித்தி, "ஆறிப்போவுது, சாப்புடுங்க. பொறவு சொல்லலாம்" என்றாள். அதற்குள் கீழே வடை தீர்ந்து அம்மா மாடிக்கு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. கீழே இறங்கி வந்து அவர் கும்பிட்ட விதத்தை இரண்டு முறை சொன்னார். சித்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அதுவே போதும்.

சாயங்காலம் நான் அடுப்படியிலிருந்து எவர்சில்வர் தட்டுகளை எடுத்து வந்து கூடத்தில் பழக ஆரம்பித்தேன். இரண்டு நின்றன. மூன்றாவது தட்டு விழுந்து, சுற்றி, அப்பாவின் கால் பக்கம் போய் அடங்கியது.

"என்னட்டி இது கூத்து?"

"மாமா செஞ்சாவ! நாலு பிளேட்டு, ஒத்தக் கையில. முழுசாக் கோழிக்கறியோட! எல்லாருக்கும் கொண்டுபோயி வச்சாவ, தெரியுமா?" எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அம்மா, "ஏட்டி, நல்லாப் பாத்தியா?" என்றாள். சாமி சத்தியமாக என்றேன்.

"மேனேஜருக்கு அடுத்த ஆளு இல்ல. மேசைக்கு அடுத்த ஆளு" என்றார் அப்பா. ஆணியிலிருந்த சட்டையை எடுத்தார். "சர்வர். கவர்மெண்டு உத்தியோகத்த விட்டுட்டுச் சர்வர் பின்னால போறதுக்கா இவள இம்புட்டு நாளு வச்சிருந்தோம்? சர்வரா இருக்கது தப்பில்ல. ஏமாத்துதான் பாரு, அதான். அந்தத் தரகன் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

சித்தி பின்கட்டிலிருந்து வந்தாள். குனிந்து தட்டை எடுத்தாள்.

"அவிய யாரையும் ஏமாத்தல அத்தான். எங்கிட்டச் சொல்லிட்டாவ. அங்க வச்சே சொல்லிட்டாவ. வீட்டுல நானே சொல்லிக்கிடுதேன்னு நான்தான் சொன்னேன்."

"சொன்னானா?" அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலயேதான இருந்த? ஏட்டி, மாப்பிள்ள சித்திகிட்டச் சொன்னாரா?"

சித்தி என்னைப் பார்க்கவில்லை. தட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டது எதைப் பற்றி என்று எனக்கு விளங்கவில்லை. என் காதில் விழுந்தது, அவர் சீனச் சமையல்காரர்களைப் பற்றிச் சொன்னது, இரும்புத் தட்டைப் பற்றிச் சொன்னது, ஆடும் பலகாரத்தைப் பற்றிச் சொன்னது.

"நெறையச் சொன்னாவ" என்றேன்.

அப்பா சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "மறைக்கல. அது வரைக்கும் சரி" என்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சித்தி வேலையை விட்டுவிட்டுப் பினாங்கு போனாள். தொண்ணூறுகளில் கல்லூரி முடித்ததும் நான் ஒரு முறை போயிருந்தேன். சித்தப்பா அந்த ஓட்டலுக்கு எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளாக அழைத்துப் போனார். உயரத்தில் சுற்றும் பழைய மின்விசிறிகள், வெள்ளை மேசை விரிப்புகள், புகை விட்டுக்கொண்டே வரும் இரும்புத் தட்டு, எல்லாம் அவர் சொன்னபடியே. அவரோடு வேலை பார்த்தவர்கள் அவரை உட்கார வைத்துப் பரிமாறினார்கள். அவரால் சும்மா உட்காரத்தான் முடியவில்லை. பழுப்புக் குழம்பு ஊற்றிய கோழியை வெட்டிக்கொண்டே சித்தியிடம் கேட்டேன், அன்றைக்கு அவர் எப்போது சொன்னார், நான் பக்கத்திலேயேதானே இருந்தேன் என்று.

"எங்க சொன்னாவ? நீ சொல்ல விட்டாத்தான?" என்றாள்.

அதைக் கேட்டபோதுதான், மாடி ஓட்டலுக்குப் போய் வந்த மறுநாள் காலையில் நடந்தது என்னவென்று எனக்கு விளங்கியது. அன்றைக்கு முதல் பஸ்ஸில் மாப்பிள்ளை தனியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இரவு தூங்காதவர் போலிருந்தார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார். நான் அங்க..."

"தெரியும், தெரியும். நேத்தே பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களாமே" என்றார் அப்பா. "தரகன் புளுகுனதுக்கு நீங்க என்ன செய்விய? மொதல்ல உக்காருங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலைப் பார்த்தார். அங்கே சித்தி கையில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். வந்து, "எடுத்துக்கிடுங்க" என்று நீட்டினாள். அவர் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். அவ்வளவுதான், அவர் கண் நிறைந்து வழிய ஆரம்பித்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். சித்தியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய ஓட்டலில் இருக்கிறவருக்கு நம் வீட்டுக் காப்பி எப்படி இறங்கும்? நான் அடுப்படிக்குள் ஓடினேன்.

"அம்மா, காப்பில சீனி பத்தலபோல. மாமாவுக்கு அழுகையே வந்துருச்சு."