வேலாயுதரின் பாதிக் கிணறு

கனகராயன்குளத்து வேலாயுதர் காலமானார் என்ற செய்தியை யாழ்ப்பாண பஸ்ஸின் கொண்டக்டர்தான் வவுனியாவில் என் கடைக்கு வந்து சொன்னார். செத்தல் மிளகாய்ச் சாக்கொன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி அப்படியே நின்றது.

தீவுப்பகுதியிலிருந்து வந்து காடு வெட்டிக் காணி திருத்தியவர் அவர். என் கடைக்கு வந்த முதல்நாளே, அங்கிருந்த இந்தியச் செத்தலொன்றை முறித்துப் பார்த்தார்.

"கப்பலிலை வந்ததுக்குக் காம்புமில்லை, காரமுமில்லை, முதலாளி."

"சனம் மலிவைத்தானே அண்ணை கேக்குது."

"ஓம், நானும் சனந்தான். நெல்லு விதைக்கிற என்ரை வீட்டிலையும் கப்பலிலை வந்த கூப்பன் அரிசிதான் வேகுது" என்று சிரித்தார்.

பிறகு அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லாமற்போய் மிளகாய் இறக்குமதி நின்றது. விலை ஏறியது. வேலாயுதர் மேட்டுக்காணி முழுவதும் மிளகாய் நட்டு, கிணறும் வெட்டத் தொடங்கினார். பாதியில் கல் கண்டது. வெடிவைத்து உடைக்க அந்த விளைச்சலையே நம்பியிருந்தார். அதுவரை அடுத்த காணிக்காரரின் கிணற்றில் கேட்டு இறைத்தார்.

வெளிநாட்டுச் செத்தல் இனி வரவே வராது என்று தேர்தல் மேடையில் சொன்னார்கள். அதை நம்பி மூடைகளை விற்காமல் வீட்டில் அடுக்கினார்.

அப்போதுதான் கொழும்பு வியாபாரியொருவரின் தந்தி எனக்கு வந்தது: கப்பல் வருகிறது. காரணம் கேட்கத் தேவையில்லை. விலையேற்றத்தால் கொதித்திருந்த நகரத்துச் சனத்திடமும் வாக்கு இருந்தது.

அன்று பின்னேரம் வேலாயுதர் வந்தார். "விக்கட்டோ, வைக்கட்டோ? சொல்லுங்கோ."

"உங்கட விருப்பம், அண்ணை" என்றேன். தந்தி என் சட்டைப்பையில் இருந்தது. என் மூடைகள் இன்னும் லொறி ஏறவில்லை. கதை வெளியே போனால் விலை விழுந்துவிடும்.

கப்பல் வந்தது. விலை விழுந்தது. அவருடைய செத்தல் மாரியில் பூஞ்சணம் பிடித்து வெளுத்தது. தன் கிணற்றுக் கல்லை உடைக்க வழியில்லாதவர், ஊரூடாகப் போகும் கண்டி வீதியில் கூலிக்குக் கல்லுடைத்தார்.

அங்கே ஒருநாள் லொறியை நிறுத்தி இறங்கி, தந்தியைப் பற்றிச் சொன்னேன். சுத்தியலை அவர் கீழே வைக்கவில்லை.

"தெரியும். அடுத்தநாள் நீங்கள் அந்தரப்பட்டு, அவசர அவசரமா மூடையளை லொறியிலை ஏத்தினதைக் கண்டனான். கப்பலை விட்டவங்களை எனக்குத் தெரியாது, முதலாளி. உங்களைத் தெரியும். அதுதான் நோகுது."

செத்தவீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அந்தக் கிணறு பாதியில் கல்லோடு கிடந்தது. அவரைக் குளிப்பாட்டும் தண்ணீர் அடுத்த காணியிலிருந்து வாளிவாளியாக வந்தது. நானும் ஒரு வாளியைத் தூக்கப்போனேன். அவருடைய மனைவி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்கள் இருங்கோ, முதலாளி."

இருந்தேன். போய் வாருங்கள், அண்ணை.